மாமா காட்டிய பழவேற்காடு

என் அக்கா புருஷன் எங்களுக்குப் பழவேற்காட்டைச் சுற்றிக் காட்டினார். எங்கள் வீடு திருப்பாலைவனத்தில். பஸ் ஏறி, இடம் பிடித்து, டிக்கெட் வாங்கிச் சில்லறையை முந்தானையில் முடிவதற்குள் பழவேற்காடு வந்துவிடும். பிறந்ததிலிருந்து நாங்கள் தின்ற மீனும் நண்டும் இறாலும் அந்த ஊரிலிருந்து வந்தவைதான். அவருக்கோ ஓசூர். கல்யாணத்துக்கு முன்னால் மொத்தமே இரண்டு தடவைதான் கடலைப் பார்த்திருக்கிறாராம். அவர்தான் எங்களுக்குக் காட்டினார்.

மாமா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். வேலை நேரம் முடிந்தபிறகும் சூப்பர்வைசராகவே இருப்பவர். எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா அரிசி களைவதைப் பார்த்து ஒரு யோசனை சொல்வார், நைனா மாட்டைக் கட்டுவதைப் பார்த்து ஒரு யோசனை சொல்வார். நைனாவுக்கு நெல்லைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது, மாப்பிள்ளை என்றால் பயம். "ஆமாங்க மாப்ள, நீங்க சொல்றதும் கரெக்டுதான்" என்று தலையாட்டுவார். அந்த 'ஆமாங்க'வைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஒன்பது மாதம். வைகாசியில் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று இருவரும் வந்திருந்தார்கள். இரண்டாம் நாள் காலை இட்லி சாப்பிடும்போது மாமா அறிவித்தார்.

"இன்னைக்கு எல்லாரும் டச்சுக்காரன் ஊரைப் பாக்கப் போறோம்."

"எந்த ஊருங்க மாப்ள?" என்றார் நைனா.

"பழவேற்காடுதான்."

"அங்க பாக்கறதுக்கு இன்னா இருக்குது? மீன் வாங்கத்தான் போவோம்."

மாமா சிரித்தார். கீழே இருப்பவரிடம் சிரிக்கிற சிரிப்பு. "அதான் உங்க ஊர்க்காரங்க. ஒரு காலத்துல எவ்ளோ பெரிய பட்டணம் தெரியுமா? பக்கத்துல வச்சுக்கிட்டு மீன் நாத்தம்னு சொல்வீங்க."

யாரும் மீன் நாற்றம் என்று சொல்லவில்லை. ஆனாலும் நைனா, "ஆமாங்க மாப்ள" என்றார்.

மாமா தயாராகத்தான் வந்திருந்தார். கம்பெனி கொடுத்த பழைய டைரி ஒன்றில், எந்தப் புத்தகத்திலிருந்தோ நாலு பக்கம் எழுதி வைத்திருந்தார். கழுத்தில் தொங்கவிட ஒரு கேமரா. வெயிலுக்கு ஒரு வெள்ளைத் தொப்பி. காலில் புது ஷூ. பொன்னேரியிலிருந்து வாடகைக் கார் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை திரும்பி வரும்போது நண்டுக் குழம்பு கொதிக்க வேண்டும் என்று அம்மா வீட்டிலேயே நின்றுவிட்டாள். நைனா முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில். பின்னால் மாமா, அக்கா, நான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் அக்கா பி.ஏ. படித்தவள். சரித்திரம். மூன்று வருஷம் தினமும் பஸ்ஸில் போய் வந்து படித்தாள். கடைசி வருஷத்தில் அவள் எழுதிய கட்டுரையே பழவேற்காட்டுத் துணி வியாபாரம் பற்றியதுதான். கல்லூரியிலிருந்து கூட்டிப்போய்க் காட்டியபோது, திரும்பி வந்து இரண்டு சாயங்காலம் என்னை உட்கார வைத்து ஒவ்வொரு கல்லறையாகச் சொன்னவள். அப்போது அவள் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. பெண் பார்க்க வந்தபோது தரகர், "பொண்ணு பி.ஏ.ங்க" என்றார். அவர்கள், "சரி" என்றார்கள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஒன்பது மாதத்தில் மாமாவும் கேட்கவில்லை.

எனக்கு இதெல்லாம் தெரியும். காரிலேயே சொல்லியிருக்கலாம். "மாமா, அக்காவைக் கேளுங்க, அவளுக்குத் தெரியும்" என்று ஒரே ஒரு வாக்கியம். நான் சொல்லவில்லை. காரணம் வெட்கக்கேடானது. டிகிரி முடித்து ஒரு வருஷமாக நான் வீட்டில் இருந்தேன். மாமா, "எங்க கம்பெனி ஆபீஸ்ல டைப்பிங் தெரிஞ்ச பொண்ணுங்க வேணும்பாங்க, சொல்லிப் பாக்கறேன்" என்று வந்த அன்றே ஒரு வார்த்தை போட்டிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காக அன்று முழுக்க நானும் இன்னொரு நைனாவாக இருந்தேன்.

முதலில் டச்சுக் கல்லறை. வாசல் வளைவில் இரண்டு எலும்புக்கூடுகள் செதுக்கியிருக்கும். ஒன்றின் தலையில் மணல் கடிகாரம். மாமா டைரியைப் பிரித்தார். அதில் இது இல்லை போலிருக்கிறது, இரண்டு பக்கம் புரட்டினார். பிறகு மூடிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இது ரெண்டும் டச்சுத் தளபதிங்க. சண்டையில செத்தவங்க. ஞாபகார்த்தமா வச்சிருக்கான்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் எலும்புக்கூட்டைப் பார்த்தேன். காலம் ஓடிக்கொண்டே இருக்கிறது, உள்ளே வருகிறவனும் ஒரு நாள் இப்படித்தான் என்று சொல்வதற்காக வைத்தவை அவை. அதை எனக்குச் சொன்னவள் என் பக்கத்தில், கணவனின் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"தளபதிங்களா!" என்றார் நைனா. "எவ்ளோ ஒல்லியா கீறாங்க."

நைனா கிண்டல் செய்யவில்லை. அவருக்குக் கிண்டல் வராது. டிரைவர்தான் வாயைப் பொத்திக்கொண்டு கார் பக்கம் போனார்.

உள்ளே கல்லறை மூடிக் கற்களில் எழுத்தும் கப்பலும் கேடயமும் அவ்வளவு நேர்த்தியாக வெட்டியிருக்கும். இறந்தவர்களில் சின்னக் குழந்தைகளும் உண்டு என்று அக்கா முன்பு சொல்லியிருக்கிறாள். மாமா ஒரு கல்லறையின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, வேட்டையாடிய புலியின் மேல் நிற்பவர் போல நின்றார். அக்காவிடம் கேமராவைக் கொடுத்து எடுக்கச் சொன்னார். எடுத்தாள். "கை ஆடிச்சு, இன்னொண்ணு எடு" என்றார். எடுத்தாள். "உனக்கு ஒண்ணும் வராது" என்று வாங்கி என்னிடம் கொடுத்தார். நான் எடுத்தேன். "பாத்தியா, இவளுக்கு வருது." எனக்கு ஓசூர் ஆபீஸ் நாற்காலி ஒன்று கண்முன் வந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அடுத்தது கோட்டை. கோட்டை என்றால் கோட்டை இல்லை. ஒரு மேடு, அதன் மேல் சீமைக்கருவேலம், சுற்றிலும் அகழி இருந்த பள்ளம், மேய்கிற நாலு ஆடு. மாமா ஏறி நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இங்கதான் கவர்னர் நின்னு ஏரியைப் பாத்திருப்பான். இவன் வரலைன்னா இந்த ஊர்ல என்ன இருந்திருக்கும்? நெசவு, வியாபாரம், கப்பல் எல்லாம் இவன் கத்துக் கொடுத்தது. அதுவரைக்கும் இங்க உள்ளவனுக்குக் கோவணம் கட்டவும் மீன் பிடிக்கவும்தான் தெரியும்."

ஆட்டுக்காரர் ஒருவர் நிழலில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் இடுப்பை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார். லுங்கிதான் கட்டியிருந்தார்.

"முள்ளு இருக்குது சார், பாத்து எறங்கு" என்று மட்டும் சொன்னார்.

பிறகு ஏரி. பூநாரை பார்க்க வேண்டும் என்று டைரியில் கோடு போட்டு எழுதியிருந்தது. பூநாரை குளிரில் வரும் பறவை. வைகாசி வெயிலில் தண்ணீர் உள்வாங்கி, கரையிலிருந்து வெகுதூரத்துக்குக் கருஞ்சேறு காய்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் பத்துப் பதினைந்து கொக்கு நின்றன.

"அதோ பார், பூநாரை!" என்றார் மாமா.

"கொக்கு மாதிரி கீதே" என்று நைனா வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"குட்டியா இருக்கும்போது வெள்ளையாத்தான் இருக்கும்."

"ஆமாங்க மாப்ள."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வையைத்தான் துடைக்கிறாள் என்று நினைத்தேன்.

சேறு முடிந்து தண்ணீர் தொடங்கும் இடத்தில் இரண்டு பெண்கள் இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலை கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குந்தியபடி நகர்ந்து, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவிப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி இருக்கும். கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கு இது தினம் பார்க்கிற காட்சி. மாமா கேமராவைத் தூக்கினார்.

"அற்புதம்! மிருகம் மாதிரியே வாயில கவ்விக்கிட்டு... இன்னும் கிட்ட போய் எடுக்கணும்."

"சார், அங்க போவாத" என்றார் டிரைவர். "மேலதான் காய்ஞ்சிருக்கும். உள்ள உளை."

"காய்ஞ்ச தரைய்யா இது" என்று ஷூக்காலால் ஒரு உதை உதைத்துக் காட்டினார் மாமா. தரை தாங்கியது. நடந்தார். பத்தடி, இருபது அடி. திரும்பி எங்களைப் பார்த்து, பார்த்தீர்களா என்பது போலக் கையை விரித்தார். அடுத்த அடியில் வலது கால் முழங்கால் வரை போயிற்று. அதை இழுக்க இடது காலை ஊன்றினார். அது தொடை வரை போயிற்று.

நைனா, "பாத்து மாப்ள" என்றார். எப்போது? மாப்பிள்ளை இடுப்புக்குக் கீழே காணாமல் போன பிறகு.

இதில் என்ன கொடுமை என்றால், சேற்றைப் பற்றி எங்கள் நைனாவுக்குத் தெரியாதது கிடையாது. நாற்பது வருஷம் உளையில் மாட்டின மாட்டையும் ஏரையும் தூக்கியவர். என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நெஞ்சைக் கீழே வைத்துப் படுக்க வேண்டும். ஆனால் மாப்பிள்ளையிடம் 'படுங்க' என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், கையில் வைத்தார், திரும்பத் தோளில் போட்டார்.

"என்ன நின்னு பாத்துக்கிட்டு இருக்கே? வந்து கையைக் குடு!" என்று மாமா அக்காவைப் பார்த்துக் கத்தினார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கப் போனாள்.

"நீ எறங்காத மா!" தண்ணீரிலிருந்த பெண்களில் மூத்தவள் கூவினாள். அதற்காக வாயிலிருந்த கயிற்றைக் கையில் எடுத்திருந்தாள். "ரெண்டு பேரா உள்ள பூட்டா யாரு தூக்கறது? நாங்க வர்றோம்."

இருவரும் சேற்றின் மேல் வயிற்றால் தவழ்ந்து, நீந்துவது போல வந்து சேர்ந்தார்கள். மூத்தவளுக்கு அம்மா வயது இருக்கும். மாமாவைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னாத்துக்கு சார் நிக்கிற? நின்னா இன்னும் உள்ள போவ. படு."

"படுக்கறதா? எப்படிம்மா படுக்கறது?"

"குப்புறத்தான்."

"கயிறு ஏதாவது கொண்டாரச் சொல்லுங்க. போட் வரச் சொல்லுங்க."

"சேத்துல போட்டு எங்க சார் வரும்? படுக்கறதுன்னா படு. இல்லன்னா நில்லு, எங்களுக்கு வேல கீது." சொல்லிவிட்டு நிஜமாகவே திரும்பினாள்.

மாமா படுத்தார். தொப்பி முன்னால் விழுந்தது. கேமராவை ஒரு கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

"அந்தக் கையும் வேணும் சார். ரெண்டு கையும் குடுத்தாத்தான் இழுக்க முடியும்."

"கேமரா நனைஞ்சிடும்!"

மூத்தவள் தன் பறியைக் காட்டினாள். "அதோட வாரை பல்லுல கடிச்சுக்கோ. இதோ இப்பிடி."

மாமா வேறு வழியில்லாமல் கேமராவின் வாரைப் பல்லில் கடித்துக்கொண்டார். ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து அவர்கள் இழுக்க, சேறு பெரிய சத்தத்தோடு அவரை விட்டது. ஷூவை மட்டும் விடவில்லை. கேமரா வாயில் தொங்க, நாலு காலில், மூக்கிலும் மீசையிலும் கருஞ்சேறு வழியக் கரையைப் பார்த்துத் தவழ்ந்து வந்தார் ஓசூர் சூப்பர்வைசர்.

அப்போதுதான் அக்கா சிரித்தாள்.

புன்னகை இல்லை. வாயைத் திறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கரையில் உட்கார்ந்து சிரித்தாள். ஒன்பது மாதமாக அடக்கி வைத்தது அத்தனையும் வந்தது போலிருந்தது. சேற்றிலிருந்த அந்த இரண்டு பெண்களும் அவளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். டிரைவர் சிரித்தார். எனக்கும் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன். நைனா தரையைப் பார்த்தார்.

மாமா எழுந்து நின்று வாயிலிருந்த வாரை எடுத்தார். "போதும்" என்றார். அவளால் நிறுத்த முடியவில்லை.

அந்தப் பெண்களுக்கு அவர் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அக்காதான் போய் மூத்தவளின் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். அவள், "வூட்டுக்குப் போய் வெந்நீர்ல குளிக்கச் சொல்லு, அரிக்கும்" என்றுவிட்டுப் பறியைக் கடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போனாள்.

டிரைவர் சீட்டில் பழைய பேப்பர் விரித்துத்தான் மாமாவை ஏற்றினார். திரும்பும் வழியெல்லாம் பேப்பர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் சரசரத்தது.

வீட்டுக்கு வந்து பம்புசெட்டில் குளித்து, வேட்டி மாற்றி, மாமா சாப்பிட உட்கார்ந்தார். நண்டுக் குழம்பு ஊற்றிய அம்மா, என்ன நடந்தது என்று கேட்டாள். பழைய குரல் அவருக்குத் திரும்பிவிட்டது. கேமராவைக் காப்பாற்றத்தான் படுத்தாராம். கேமரா இல்லாவிட்டால் ஒரே எட்டில் வந்திருப்பாராம். அந்தப் பெண்கள் குறுக்கே வந்து குழப்பிவிட்டார்களாம். பிறகு நைனா பக்கம் திரும்பினார்.

"அது இருக்கட்டும். புருஷன் சேத்துல கெடக்கறப்ப கரையில உக்காந்து சிரிக்கிறா. இதான் நீங்க வளத்த லட்சணமா?"

நைனா, "இன்னொரு நண்டு வைமா மாப்ளைக்கு" என்றார். என் வாழ்நாளில் அதைவிட மோசமான பதிலை நான் கேட்டதில்லை. அடுத்த நிமிஷம் வரைக்கும்.

மாமா என்னைப் பார்த்தார். "நீ படிச்ச பொண்ணு. நாளைக்கு ஆபீஸ் வேலைக்கு வரப்போறவ. நீயே சொல்லு. உங்க அக்கா சிரிச்சது சரியா?"

"தப்புதான் மாமா" என்றேன்.

சொன்னது நான்தான். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. சாதத்தை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். மாமாவோ தீர்ப்புக் கிடைத்த உற்சாகத்தில், கோட்டை மேட்டில் சொன்னதை அம்மாவுக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். டச்சுக்காரன் வந்து நெசவு சொல்லிக்கொடுத்த இடம் வந்தது.

"அவன் சொல்லிக் குடுக்கல" என்றாள் அக்கா. சாதாரணமான குரல்தான். "இங்க நெய்த துணிக்காகத்தான் அவன் கப்பலேறி வந்தான். அவனுக்கு முன்னாடியே போர்ச்சுகீஸ்காரன் வந்துட்டான். டச்சுக்காரன் துணியை வாங்கிக் கிழக்க தீவுங்களுக்குக் கொண்டுபோய் அதைக் குடுத்து மசாலா வாங்கினான். துணி மட்டும் இல்ல. பஞ்சத்துல சோத்துக்கு வழியில்லாம வித்த ஆளுங்களையும் இங்கருந்துதான் கப்பல்ல ஏத்தினான். அதையெல்லாம் உங்க டைரியில யாரும் எழுதல."

மாமாவின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. "இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?"

"படிச்சேன். மூணு வருஷம்."

"சொல்லவே இல்லயே?"

"நீங்க கேக்கல. அப்புறம், அந்த எலும்புக்கூடு தளபதி இல்ல. நீங்க பாத்தது கொக்கு."

சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் காலை மாமா தனியாகக் கிளம்பினார். அக்கா, "நான் பின்னாடி வர்றேன்" என்றாள். அம்மா அழுதாள். நைனா பஸ் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமாவின் பின்னாலேயே ஓடினார். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கு, தலை ஆடிக்கு முன்கூட்டியே அழைத்துவந்துவிட்டோம் என்று அம்மா பதில் சொன்னாள். வைகாசியிலிருந்து ஆடி முடியும்வரை அந்தப் பதிலை இழுத்தோம். மாமாவிடமிருந்து முதலில் கோபமாக இரண்டு கடிதம் வந்தது. மூன்றாவதில் சமையல் கஷ்டம். நாலாவதில், அவள் என்னென்ன பாடம் படித்தாள் என்று கேட்டிருந்தார். அக்கா நாலாவதுக்கு மட்டும் பதில் எழுதினாள். அதில் பி.எட். சேர வேண்டும் என்றும் எழுதினாள்.

ஆவணியில் அவரே அழைத்துப்போக வந்தார். பி.எட். யோசனை தனக்கு முதலிலேயே இருந்ததாக நைனாவிடம் சொன்னார். "ஆமாங்க மாப்ள" என்றார் நைனா. இன்று அக்கா ஓசூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சர். கல்யாண வீடுகளில் மாமா அவளைக் காட்டி, "நான்தான் படிக்க வச்சேன்" என்கிறார். அக்கா மறுப்பதில்லை. "அவர் முன்ன மாதிரி இல்லடி" என்று என்னிடம் சொல்கிறாள். இருக்கலாம். எனக்கு இன்னும் அவரைப் பிடிக்கவில்லை. அதற்குள் என்னையே எனக்குப் பிடிக்காததும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

அந்த ஆவணிக் காலையில் பஸ்ஸுக்காக நின்றபோது அக்கா என்னைத் தனியே நகர்த்திக்கொண்டு போனாள். மூன்று மாதம் ஒரே பாயில் படுத்தும் அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை.

"அன்னிக்கி தப்புன்னு சொன்னியே. வேலைக்காகவா?"

"ஆமாக்கா."

"எழுதிக் கேட்டியா அவரை?"

"ரெண்டு தடவை. பதில் இல்ல."

அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். என் பின்னலை இழுத்து முன்னால் போட்டுவிட்டு, "இனிமே கேக்காத. பொன்னேரியில தேடு" என்றாள். பஸ் வந்தது. மாமா முதலில் ஏறி இரண்டு பேருக்கு இடம் பிடித்தார்.

அடுத்த திங்கட்கிழமை நான் பொன்னேரிக்குப் போனேன். மூன்று இடத்தில் இல்லை என்றார்கள். நாலாவது இடத்தில் டைப்பிங் மிஷின் முன்னால் உட்காரவைத்து, ஒரு பக்கம் அடித்துக் காட்டச் சொன்னார்கள்.